பிரிட்டனில் ஆங்கில இலக்கியமும் படைப்பெழுத்தும்: விண்ணப்பம் முதல் பட்டம் வரை

"கதை எழுதுறதுக்கு எதுக்குடா படிப்பு?" என்று பெரியப்பா கேட்டார். விசா வந்து, நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்த நேரம். நியாயமான கேள்விதான், அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. மூன்று வருடம் படித்து முடித்துத் திரும்பிய பிறகு அவரிடம் சொன்னேன்: "அங்கே எழுதக் கத்துக்கொடுக்கலை பெரியப்பா, மெதுவாப் படிக்கத்தான் கத்துக்கொடுத்தாங்க." அவருக்கு அது இன்னும் மோசமான செய்தியாகப் பட்டது. ஆனால் உண்மை அதுதான். அதைத் தெரிந்துகொண்டு சேர்கிறவர்களுக்கு இந்தப் படிப்பு நன்றாகப் பயன்படும். "மூணு வருஷத்துல நாவலாசிரியர் ஆகிடுவேன்" என்று வருகிறவர்கள் முதல் டெர்மிலேயே சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே எழுதியிருப்பது பிரிட்டனில், குறிப்பாக இங்கிலாந்தில், இளங்கலைப் பட்டமாக ஆங்கில இலக்கியத்தையும் கிரியேட்டிவ் ரைட்டிங்கையும் சேர்த்துப் படிக்க நினைப்பவர்களுக்கு. ப்ளஸ் டூ முடித்து நம்மூரிலிருந்து போகிறவர்களுக்கும், லண்டனிலோ லெஸ்டரிலோ வளர்ந்து அங்கத்திய பள்ளி இறுதித் தேர்வான ஏ-லெவல் எழுதிவிட்டுப் போகிற நம் பிள்ளைகளுக்கும் பெரும்பகுதி ஒன்றுதான். கட்டணமும் விசாவும் மட்டும் வேறு.

1. பெயரில் 'அண்ட்' இருக்கிறதா, 'வித்' இருக்கிறதா?

முதலில் பட்டத்தின் பெயரை உற்றுப் பாருங்கள். 'இங்கிலீஷ் லிட்டரேச்சர் அண்ட் கிரியேட்டிவ் ரைட்டிங்' என்றால் வழக்கமாக இரண்டும் ஏறக்குறையப் பாதிப் பாதி. 'வித்' என்றால் முன்னால் இருப்பது பெரிய பங்கு, பின்னால் இருப்பது சின்னப் பங்கு. ஒரு சொல்தான், ஆனால் மூன்று வருடத்தில், ஒருவர் எழுதியதை மற்றவர்கள் கூடிப் படித்துப் பேசும் எத்தனை ஒர்க்‌ஷாப்பில் உட்காரப் போகிறீர்கள் என்பதை அது முடிவுசெய்கிறது. பெயரை மட்டும் நம்பாமல், பல்கலைக்கழகத் தளத்தில் மாட்யூல் (தனித்தனிப் பாடங்கள்) பட்டியலையும் திறந்து பாருங்கள். முதல் வருடத்திலேயே எழுத்து வகுப்பு உண்டா? இரண்டாம் வருடத்தில் எழுத்து மாட்யூல்களுக்கு இடம் உறுதியா, இல்லை போட்டியா? இடைக்கால இலக்கியம், ஷேக்ஸ்பியர் எல்லாம் கட்டாயமா? எனக்கு இடைக்கால ஆங்கிலம் கட்டாயமாக இருந்தது. சேர்ந்த பிறகுதான் அதைக் கவனித்தேன். இடைக்காலக் கவிஞர் சாசரை அவர் எழுதிய ஆங்கிலத்திலேயே படிக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் அழுகையே வந்தது. நம்மூரில் உரையில்லாமல் சங்கப் பாடலைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு அந்த அழுகை புரியும். அப்புறம் பழகிவிட்டது.

சொந்தக்காரர்கள் "ஆக்ஸ்ஃபோர்டா, கேம்பிரிட்ஜா?" என்று கேட்பார்கள். அந்த இரண்டிலும் இளங்கலையில் இந்தக் கூட்டுப் பட்டம் கிடையாது. இந்தத் துறை அங்கே முளைக்கவில்லை. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகம் 1936-இல் எழுத்தாளர் ஒர்க்‌ஷாப்பைத் தொடங்கியது. பிரிட்டனில் அதை வேரூன்றச் செய்தது நாரிச் நகரில் இருக்கும் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகம். அது 1963-இல் தொடங்கப்பட்ட புதிய பல்கலைக்கழகம். அங்கே 1970-இல் நாவலாசிரியர்கள் மால்கம் பிராட்பரியும் ஆங்கஸ் வில்சனும் கிரியேட்டிவ் ரைட்டிங் முதுகலையை ஆரம்பித்தார்கள். முதல் மாணவர், பின்னாளில் பெயர்பெற்ற நாவலாசிரியர் இயன் மெக்யூவன். பத்து வருடம் கழித்து அதே படிப்பை முடித்த கசுவோ இஷிகுரோவுக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. நாரிச், வாரிக், மான்செஸ்டர், பர்மிங்ஹாம், ராயல் ஹாலோவே, பாத் ஸ்பா என்று இன்றைக்குப் பல இடங்களில் இளங்கலையிலேயே இதைப் படிக்கலாம்.

ஆங்கில இலக்கியம் என்ற பாடமே பழைய பல்கலைக்கழகங்களுக்குத் தாமதமாகத்தான் போனது. ஆக்ஸ்ஃபோர்டில் அதற்கென்று தனிப் பட்டப் படிப்பு வந்தது 1890-களில், கேம்பிரிட்ஜில் 1917-இல். 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தில் நம் முன்னோர் அதற்கும் முன்பே ஆங்கிலக் கவிதையை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள். "வெள்ளைக்காரன் பாடத்தை நீ எப்படிப் படிப்பாய்?" என்று யாராவது கேட்டால் சொல்வதற்காக வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்காட்லாந்தில் இளங்கலை நான்கு வருடம். செலவுக் கணக்கு போடும்போது மறந்துவிடாதீர்கள்.

2. விண்ணப்பிக்கும் முன்: ஒரு வரியை இருபது நிமிடம் பார்க்கப் பழகுங்கள்

க்ளோஸ் ரீடிங் என்பார்கள். இந்தப் படிப்பின் அடித்தளமே அதுதான். நம்மூர்ப் பள்ளியில் ஒரு பாடத்தை 'சம்மரி' எழுதப் பழக்குவார்கள், அதாவது கதை என்ன, கருத்து என்ன என்று. க்ளோஸ் ரீடிங் கேட்பது வேறு: இந்தச் சொல் ஏன் இங்கே இருக்கிறது, இது இல்லாவிட்டால் என்ன போயிருக்கும்?

தமிழிலேயே செய்து பார்க்கலாம். இந்த வரியைப் பாருங்கள்:

அப்பா கூடத்துக்கு வந்து செருப்பைக் கழற்றினார்.

எட்டிப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஒருவர் வீட்டுக்கு வந்தார், செருப்பைக் கழற்றினார். திரும்பப் படியுங்கள். செருப்பைக் கழற்றிய இடம் கூடம். நம் வீடுகளில் வாசலில் கழற்றுவோம். அப்படியானால் இந்த அப்பா செருப்போடு உள்ளே வந்திருக்கிறார். ஏன்? அவசரமா? குடித்திருக்கிறாரா? எங்கேயோ கேட்ட செய்தி மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்ததில் கால் பழக்கத்தை மறந்துவிட்டதா? கூடத்துக்கு வந்த பிறகாவது கழற்றினார் என்பதால், பாதியில் நினைவு வந்திருக்கிறது. 'அப்பா பதற்றமாக இருந்தார்' என்று எழுதியிருந்தால் நமக்கு ஒரு தகவல் கிடைத்திருக்கும். இப்போது நாமே அந்த வீட்டில் நின்றுகொண்டு அவர் காலைப் பார்க்கிறோம்.

இன்னொன்று. செருப்போடு வீட்டுக்குள் நடமாடுவது சகஜமாக உள்ள ஊரில் வளர்ந்தவருக்கு இந்த வரியில் எதுவும் தட்டுப்படாது. அதைப் பின்னால் சொல்கிறேன். இதே செருப்பால் நான் ஒர்க்‌ஷாப்பில் அடிவாங்கியிருக்கிறேன்.

தினம் ஒரு பத்தி, அரை மணி நேரம், கையில் பென்சில். ஒரு வருடம் இதைச் செய்தவர்களுக்கு முதல் செமினாரில் பயமிருக்காது. கூடவே ஒரு நோட்டில் எழுதுங்கள். பஸ்ஸில் கேட்ட பேச்சு, யாரோ திட்டிய விதம், எதுவானாலும் சரி. கதையாக இருக்க வேண்டியதில்லை. பின்னால் ஒர்க்‌ஷாப்புக்கு நாளை அனுப்ப வேண்டும், கைவசம் ஒன்றுமில்லை என்று முழிக்கும் இரவில் அந்த நோட்டுதான் சோறு போடும்.

3. யூகாஸ் விண்ணப்பம்

பிரிட்டனில் இளங்கலைக்கு எல்லாரும் யூகாஸ் என்ற ஒரே தளம் வழியாகத்தான் பெரும்பாலும் விண்ணப்பிக்கிறார்கள். ஐந்து இடங்கள் வரை போடலாம். முதன்மைக் கெடு ஜனவரி நடுவில் வரும். வெளிநாட்டு மாணவர்களுக்கு அதற்குப் பிறகும் வாய்ப்பு உண்டு, ஆனால் நல்ல இடங்கள் நிரம்பியிருக்கும். விசாவுக்கும் நேரம் வேண்டும். சில துறைகள் பின்னர் மின்னஞ்சலில் எழுத்து மாதிரி கேட்கும். இரண்டு பக்கக் கதையோ மூன்று கவிதையோ தயாராக இருக்கட்டும்.

ஐந்துக்கும், உங்களைப் பற்றி நீங்களே எழுதும் ஒரே பெர்சனல் ஸ்டேட்மென்ட்தான் போகும். முன்பு அது ஒரே நீளக் கட்டுரை. 2026-இல் சேர்கிறவர்களிலிருந்து அதை மூன்று கேள்விகளாக மாற்றிவிட்டார்கள்: இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள், உங்கள் பள்ளிப் படிப்பு இதற்கு எப்படித் தயார்செய்தது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தீர்கள், அது எப்படிப் பயன்படும். மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துகள், இடைவெளியும் கணக்கில் சேரும். ஒவ்வொரு பதிலும் குறைந்தது 350 எழுத்துகள் இருக்க வேண்டும்.

'சின்ன வயதிலிருந்தே எனக்குப் புத்தகம் என்றால் உயிர்' என்று தொடங்கினால், படிக்கிறவர் அன்று காலையிலிருந்து பார்க்கும் நாற்பதாவது உயிர் அது. என் முதல் வரைவும் அப்படித்தான் இருந்தது. நண்பர் ஒருவர் படித்துவிட்டு, "எந்தப் புத்தகம்? எந்தப் பக்கம்? அங்கே என்ன பார்த்தாய்?" என்று மூன்று கேள்வி கேட்டார். வரைவைக் கிழித்துப் போட்டேன். அடுத்த வரைவில் ஒரே ஒரு சிறுகதையின் கடைசி வரியில் காலம் ஏன் இறந்தகாலத்திலிருந்து நிகழ்காலத்துக்குத் தாவுகிறது என்று ஆறு வரி எழுதினேன். வேறு எதுவும் பெரிதாக மாற்றவில்லை. பின்னாளில் என்னைச் சேர்த்துக்கொண்ட துறையின் ஆசிரியர், அந்த ஆறு வரி நினைவிருக்கிறது என்றார். நீங்கள் தமிழில் படித்ததைப் பற்றியும் எழுதலாம், ஒரு தடையும் இல்லை.

பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியரின் பரிந்துரை வேண்டும். நம்மூரில் 'சின்சியர், ஒபீடியன்ட்' என்று இரண்டு வரியில் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அது அங்கே செல்லாது. உங்களுக்கு ஆங்கிலம் எடுத்தவரிடம் போய் உட்கார்ந்து, நீங்கள் வகுப்பில் எழுதியது, கேட்டது, வாதாடியது ஆகியவற்றை நினைவூட்டி, அதை எழுதச் சொல்லிக் கேளுங்கள். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

4. மதிப்பெண், பணம், விசா

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ப்ளஸ் டூவில் எத்தனை சதவீதம் வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும், சி.பி.எஸ்.இ.க்கும் மாநிலப் பாடத்திட்டத்துக்கும் தனித்தனி எண் வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. அவரவர் தளத்தில் இந்தியா அல்லது இலங்கைக்கான பக்கத்தைப் பாருங்கள். ஆங்கிலத் திறன் தேர்வான ஐ.ஈ.எல்.டி.எஸ்.ஸில் பெரும்பாலும் 6.5 அல்லது 7, எழுத்துப் பகுதிக்குத் தனிக் குறைந்தபட்சம் இருக்கலாம்.

கட்டணம்தான் கனம். இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவர்களுக்கு 2025-26 கல்வியாண்டின் உச்சவரம்பு 9,535 பவுண்டு. வெளிநாட்டு மாணவர்களுக்குப் பல இடங்களில் ஆண்டுக்கு 20,000 பவுண்டைத் தாண்டும். அதற்கு மேல் சாப்பாடு, வாடகை. விசாவுக்கு முதல் வருடக் கட்டணத்தோடு ஒன்பது மாத வாழ்க்கைச் செலவையும் வங்கியில் காட்ட வேண்டும். லண்டனுக்கு ஒரு தொகை, வெளியே வேறு தொகை, அரசு அதை அவ்வப்போது உயர்த்தும். தேசிய மருத்துவச் சேவைக்கான கட்டணம் மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. மூன்று வருடத்துக்கும் மொத்தமாக விசாவோடு முன்கூட்டியே பிடித்துவிடுவார்கள். என் அப்பாவுக்கு அந்த வரியைப் பார்த்ததும் முகம் போன போக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

டெர்ம் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அதை வைத்துக் கட்டணம் கட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அரிசி, பருப்பு, பஸ் பாஸுக்கு ஆகும்.

5. முதல் டெர்ம்

வகுப்பு நேரத்தைப் பார்த்து ஏமாந்துபோவீர்கள். வாரத்துக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம்தான். லெக்சரில் நூறு பேர் உட்கார்ந்து கேட்பது, செமினாரில் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து பேசுவது. மீதி நேரமெல்லாம் படிப்பதற்கு. படிப்பின் அளவைக் கிரெடிட் என்று கணக்கிடுவார்கள்: வருடத்துக்கு 120 கிரெடிட், மூன்று வருடத்துக்கு 360. ஒரு டெர்மில் மூன்று மாட்யூல் ஓடினால், சில வாரங்களில் ஒரு தடித்த நாவல், ஒரு நாடகம், ஒரு கட்டுரைக் கத்தை எல்லாம் சேர்ந்தே வரும்.

எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் படிக்க முடியாது. நான் கண்டுபிடித்த வழி இது: நாவலை முதலில் வேகமாக ஓடிவிடுவது, பிறகு மூன்று பக்கங்களைத் தேர்ந்தெடுத்து அவற்றை மட்டும் செருப்பு வரியைப் பார்த்ததுபோல் பார்ப்பது. செமினாரில் அந்த மூன்று பக்கங்களைப் பற்றித்தான் பேசுவேன். முழுப் புத்தகத்தையும் அரைகுறையாகப் படித்துவிட்டு வந்தவர்களைவிட அது நன்றாகவே எடுபட்டது. ரீடிங் லிஸ்ட் கோடையிலேயே வந்துவிடும். தடித்தவற்றை ஊரிலிருந்தே முடித்துக்கொண்டு வாருங்கள். எல்லாவற்றையும் விலைக்கு வாங்காதீர்கள். நூலகத்தில் இருக்கும், சீனியர்கள் பாதி விலைக்கு விற்பார்கள், ஓரத்தில் அவர்கள் எழுதிய குறிப்புகள் இலவசம்.

செமினாரில் பேசுவது நமக்குச் சிரமம். ஆசிரியர் கேட்டால் பதில் சொல்வோம், தானாகப் பேசி வளர்ந்தவர்கள் இல்லையே. அங்கே பேசாவிட்டால் படிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு வரி, ஒரு கேள்வியாவது சொல்லிவிடுங்கள். நேரம் போகப் போக வாய் திறப்பது கடினமாகிவிடும். ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது வழக்கம். அறுபது வயதுப் பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைக்க எனக்கு நாக்கு வரவில்லை. ஒரு டெர்ம் முழுக்க எந்தப் பெயரும் சொல்லாமல், "எக்ஸ்கியூஸ் மீ" என்று மட்டுமே சொல்லிச் சமாளித்தேன்.

ஆஃபீஸ் அவர்ஸ் என்று வாரத்துக்கு ஓரிரு மணி நேரம் ஒவ்வொரு ஆசிரியரும் அறையைத் திறந்து வைத்திருப்பார். பிரச்சினை இருந்தால்தான் போக வேண்டும் என்று நினைத்து நான் ஒரு வருடம் போகவில்லை. போயிருக்க வேண்டும். கட்டுரை எழுதுவதற்கு முன் பத்து நிமிடம் பேசினால் பத்து மார்க் வித்தியாசம் வரும். பல பல்கலைக்கழகங்களில் ராயல் லிட்டரரி ஃபண்ட் என்ற எழுத்தாளர் நல அறக்கட்டளை அனுப்பும் எழுத்தாளர் ஒருவரும் இருப்பார். எந்தத் துறை மாணவருக்கும் கட்டுரையைப் பார்த்து இலவசமாக யோசனை சொல்வதுதான் அவர் வேலை.

6. கட்டுரை: 'அதனால் என்ன?'

என் முதல் கட்டுரைக்கு 54. ப்ளஸ் டூ ஆங்கிலத்தில் 94 வாங்கிய ஆள் நான். ஓரத்தில் மூன்று இடத்தில் ஒரே குறிப்பு: "ஸோ வாட்?" கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். ஆத்திரத்தில் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்புறம் குறிப்பு இருந்த இடங்களைப் பார்த்தேன். மூன்று இடத்திலும் 'கவிஞர் இங்கே உருவகத்தைப் பயன்படுத்துகிறார்' என்கிற மாதிரி எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போயிருந்தேன். பயன்படுத்துகிறார், சரி. அதனால் என்ன?

அங்கே கட்டுரை என்பது ஒரு வழக்கு. முதல் பத்தியிலேயே நீங்கள் எதை நிரூபிக்கப் போகிறீர்கள் என்று சொல்லிவிட வேண்டும், யாராவது மறுக்கக்கூடிய ஒன்றாக அது இருக்க வேண்டும். 'இந்த நாவல் தனிமையைப் பற்றியது' என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள், எனவே அது வாதம் ஆகாது. 'இந்த நாவலில் தனிமையாக இருப்பவள் ஒருத்தி மட்டுமே, ஆனால் கதைசொல்லி அவளிடம் போகவே மறுக்கிறார்' என்றால் அடிக்க ஆள் வரும். பிறகு ஒவ்வொரு பத்தியிலும் மேற்கோள், அதில் ஒரு சொல், அந்தச் சொல் என்ன செய்கிறது, அது உங்கள் வாதத்தை எங்கே தள்ளுகிறது என்று எழுத வேண்டும். பத்தி முடிந்ததும் நீங்களே ஓரத்தில் 'அதனால் என்ன?' என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். பதில் இல்லையென்றால் பத்தி முடியவில்லை.

மற்ற விமர்சகர்களின் கருத்தைச் சொல்லும்போது மூலத்தைக் குறிப்பிடுவது கட்டாயம். அப்படிக் குறிப்பிட எம்.எச்.ஆர்.ஏ., எம்.எல்.ஏ. என்று முறைகள் உண்டு, உங்கள் துறை எது கேட்கிறதோ அதைக் கையேட்டில் பார்த்து முதல் நாளிலிருந்தே பழகுங்கள். தமிழ்ப் புத்தகத்திலிருந்து ஒரு கருத்தை எடுத்து ஆங்கிலத்தில் எழுதினாலும் மூலத்தைச் சொல்லியாக வேண்டும். மொழி மாறினால் திருட்டு இல்லை என்று ஆகிவிடாது. ஏ.ஐ. கருவிகளை எந்த அளவு தொடலாம் என்பது மாட்யூலுக்கு மாட்யூல் மாறுகிறது, கேட்டுத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

மதிப்பெண் பற்றி வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். 70 அல்லது அதற்கு மேல் வாங்கினால் ஃபர்ஸ்ட் கிளாஸ். 60 முதல் 69 வரை அப்பர் செகண்ட், அதுவே நல்ல மதிப்பெண், பல முதுகலைப் படிப்புகளும் அதைத்தான் கேட்கின்றன. 40-க்குக் கீழே தோல்வி. 80-ஐப் பார்ப்பது அபூர்வம். இரண்டாவது கட்டுரைக்கு 62 வந்தபோது சந்தோஷமாக வீட்டுக்கு ஃபோன் செய்தேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "பரவாயில்ல கண்ணு, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார். பெரும்பாலான இடங்களில் முதல் வருட மதிப்பெண் இறுதிப் பட்டத்தின் கணக்கில் சேராது, பாஸ் செய்தால் போதும். தப்பு செய்வதற்கென்றே கொடுத்த வருடம் அது.

7. ஒர்க்‌ஷாப்

பத்துப் பன்னிரண்டு பேர். ஒரு வாரம் முன்பே உங்கள் கதையை எல்லாருக்கும் அனுப்பிவிட வேண்டும். எல்லாரும் அச்செடுத்து ஓரத்தில் குறிப்பெழுதிக் கொண்டுவருவார்கள். பல வகுப்புகளில் ஒரு விதி உண்டு: பேச்சு முடியும்வரை எழுதியவர் வாய் திறக்கக்கூடாது. உங்கள் கதையைப் பற்றி உங்கள் முன்னாலேயே இருபது நிமிடம் பேசுவார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் எதிரே தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் இருக்கும். இப்போது சில ஆசிரியர்கள் இந்த விதியைத் தளர்த்தி, எழுதியவரே முதலில் கேள்வி கேட்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். எனக்குப் பழைய விதிதான் வாய்த்தது. எரிச்சலாக இருந்தாலும் அதில் ஒரு நன்மை உண்டு. புத்தகம் வெளியே போன பிறகு வாசகர் வீட்டுக்கு ஓடிப்போய் விளக்கம் சொல்ல முடியாது, அது முதல் நாளே உறைத்துவிடும்.

என் முதல் கதையில் ஒரு பாட்டி மொட்டை மாடியில் வடகம் காயவைக்கிறாள். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமே என்று, வடகம் என்றால் கூழ் காய்ச்சிப் பிழிந்து வெயிலில் உலர்த்துவது, பிறகு எண்ணெயில் பொரிப்பது என்று பாட்டி வாயாலேயே பேத்திக்குச் சொல்ல வைத்திருந்தேன். யார்க்‌ஷயரிலிருந்து வந்த பெண் ஒருத்தி கேட்டாள்: "இந்தப் பேத்தி அதே வீட்டில்தானே வளர்ந்தாள்? அவளுக்கு ஏன் இதையெல்லாம் சொல்கிறாள்?" வடகம் என்றால் என்னவென்றே தெரியாத பெண், கதையில் எது பொய் என்று சரியாகப் பிடித்துவிட்டாள். ஆசிரியர் அந்த விளக்கத்தையெல்லாம் அடித்துவிட்டு, கீழே இருந்த இன்னொரு வரியைச் சுற்றி வட்டமிட்டார்: காக்கை வராமல் இருக்க, தாத்தாவின் பழைய கறுப்புக் குடையைப் பாட்டி வடகத்தின் நடுவில் விரித்து வைக்கிறாள். "இது போதும். எனக்கு வெயில் தெரிகிறது, காக்கை தெரிகிறது, தாத்தா இல்லை என்பதும் தெரிகிறது." தாத்தா இறந்ததை நான் மூன்று பக்கம் கழித்துத்தான் சொல்லியிருந்தேன்.

அந்தப் பாடத்தை ரொம்ப நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டேன். அடுத்த கதையில் எதையும் விளக்கவில்லை. அதில்தான் அந்தச் செருப்பு வரி வந்தது. கதையே அதில்தான் தொங்குகிறது. அப்பாவுக்கு வேலை போய்விட்டது, அவர் சொல்லவில்லை. பதினோரு பேரில் ஒருவர்கூட அந்த வரியில் நிற்கவில்லை. கூடத்துக்கு வந்து ஷூவைக் கழற்றுவது அவர்கள் வீட்டில் நாள்தோறும் நடப்பது. "கதையில் ஒன்றும் நடக்கவில்லையே" என்றார்கள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வீட்டில் செருப்பை வாசலில்தான் கழற்றுவோம் என்று ஒரு வரி சேர்த்தால் பழைய வடகக் கதைதான். ஒரு வாரம் யோசித்து, செருப்பு வரியைத் தொடாமல் அதன் பின்னால் ஒன்றைச் சேர்த்தேன்: 'அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, செருப்பைத்தான் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்துக்கொண்டுபோய் வாசலில் வைத்தாள்.' அடுத்த சுற்றில் எல்லாரும் அந்த இடத்தில் நின்றார்கள்.

மற்றவர் கதைக்கு நீங்கள் குறிப்பெழுதுவதற்கும் மார்க் இருக்கலாம், இல்லாவிட்டாலும் முழுமனதோடு செய்யுங்கள். 'நல்லா இருக்கு' என்பது யாருக்கும் உதவாது. எந்த வரியில் உங்கள் கவனம் எழுந்தது, எந்த வரியில் ஃபோனை எடுக்கத் தோன்றியது என்று சொல்லுங்கள். உங்களுக்கு வரும் பன்னிரண்டு பிரதிகளில் எல்லா யோசனையையும் ஏற்றால் கதை குழம்பாகிவிடும். என் வழக்கம்: மூன்று பேருக்கு மேல் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தால் அந்த இடத்தில் ஏதோ பள்ளம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். பள்ளத்தை எப்படி மூடுவது என்று அவர்கள் சொல்லும் யோசனையைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

8. போர்ட்ஃபோலியோவும் உரையும்

எழுத்து மாட்யூல்களில் பெரும்பாலும் பரீட்சை கிடையாது. டெர்ம் முடிவில் திருத்திய கதைகளையோ கவிதைகளையோ ஒப்படைக்க வேண்டும், கூடவே ஆயிரம் வார்த்தை அளவில் ஒரு விமர்சன உரை. நம்மவர்கள் இந்த உரையைக் கோட்டைவிடுவார்கள். 'இந்தக் கதை எனக்கு எப்படித் தோன்றியதென்றால்' என்று சுயசரிதை எழுதிவிடுவார்கள். கேட்பது அதுவல்ல: என்ன தேர்வு செய்தீர்கள், வேறு எது சாத்தியமாக இருந்தது, யாரைப் படித்து அதைக் கற்றீர்கள். செருப்பு வரிக்குப் பின்னால் அம்மாவைக் கொண்டுவந்ததை நான் எழுதியது இந்த உரையில்தான். அதற்குத் தொல்காப்பியம் சொல்லும் மறைபொருள் உத்திகளான உள்ளுறையையும் இறைச்சியையும் துணைக்கு அழைத்தேன். கருப்பொருளைச் சொல்லி உரிப்பொருளை உணர்த்துவது நமக்கு இரண்டாயிரம் வருடப் பழக்கம் என்று அடிக்குறிப்போடு விளக்கினேன். அதுவரை நான் வாங்கியதிலேயே அதிக மார்க் அதற்குத்தான், 72.

தேதி பிந்தினால் மார்க் வெட்டுவார்கள். எல்லா வரைவையும் தேதி போட்டுச் சேமித்து வையுங்கள், உரை எழுதும்போது தேவைப்படும்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இன்னொரு கதவும் உண்டு. மொழிபெயர்ப்பு மாட்யூல் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் இலக்கிய மொழிபெயர்ப்பு மையம் ஈஸ்ட் ஆங்கிலியாவில் 1989 முதல் இருக்கிறது. 'மாடர்ன் பொயட்ரி இன் டிரான்ஸ்லேஷன்' என்ற இதழ் 1965-இலிருந்து வருகிறது, அப்படி இதழ்கள் வேறும் உண்டு. ஒரு தமிழ்க் கவிதையின் பத்து வரியை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக ஒரு மாதம் போராடியதில் நான் கற்ற ஆங்கிலத்தை வேறெங்கும் கற்கவில்லை. நம் வினைமுற்று வரியின் கடைசியில் வந்து நிற்கும், ஆங்கிலத்தில் அது முன்னால் ஓடிவந்துவிடும். நாம் கடைசிவரை பிடித்துவைத்த ரகசியம் அங்கே மூன்றாவது சொல்லிலேயே வெளியாகிவிடும்.

9. டிஸர்டேஷன்

டிஸர்டேஷன் என்பது நீங்களே தலைப்பெடுத்து எழுதும் இறுதி நெடும்பணி: மூன்றாம் வருடம் எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் வார்த்தை. ஆய்வாகவும் செய்யலாம், சில இடங்களில் படைப்பாகவும் செய்யலாம். படைப்பு என்றால் நாவல் தொடங்காதீர்கள். பத்தாயிரம் வார்த்தையில் நாவலின் வாசற்படிதான் வரும், தேர்வாளருக்கு வீடு தெரியாது. இரண்டு நீண்ட கதையோ, ஒன்றோடொன்று தொடர்புள்ள நான்கு கதையோ எடுங்கள். வழிகாட்டியாக யார் வேண்டும் என்று இரண்டாம் வருட முடிவிலேயே கேட்டுவிடுங்கள். பெயர்பெற்ற எழுத்தாளரைவிட, மின்னஞ்சலுக்குப் பதில் போடுகிறவர் மேல்.

10. பட்டத்துக்குப் பிறகு

எழுத்தை மட்டும் நம்பி வாழ்வது அங்கேயும் கடினம். எழுத்தாளர் உரிமத்தொகை அமைப்பான ஏ.எல்.சி.எஸ்.க்காக நடந்த ஆய்வின்படி, எழுத்தையே முக்கியத் தொழிலாக வைத்திருப்பவர்கள் எழுத்திலிருந்து ஈட்டிய இடைநிலை வருமானம் 2006-இல் ஆண்டுக்கு 12,330 பவுண்டு. 2022-இல் அது 7,000. வீட்டு வாடகைக்கே பற்றாது. என் வகுப்பில் படித்தவர்கள் பதிப்பகத்தில், பள்ளியில், விளம்பர நிறுவனத்தில், கணினி விளையாட்டுக்கு வசனம் எழுதும் இடத்தில் இருக்கிறார்கள். ஒருத்தி சட்டம் படிக்கப் போய்விட்டாள், ஒப்பந்தத்தில் ஒரு காற்புள்ளிக்காக இருபது நிமிடம் வாதாடுவது தனக்குப் பழக்கமான வேலை என்கிறாள். பதிப்புத் துறை வேலைகள் பெரும்பாலும் லண்டனில்தான் இருக்கின்றன. அதற்குப் படிக்கும்போதே மாணவர் இதழில் எடிட்டிங் செய்து பழகியிருப்பது பட்டத்தைவிட உதவும்.

வெளிநாட்டு மாணவர்கள் தங்கி வேலை தேட கிராஜுவேட் விசா இருக்கிறது. இப்போது இரண்டு வருடம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு, முனைவர் பட்டம் முடித்தவர்களைத் தவிர, 18 மாதம்தான். அதற்கு ஸ்டூடன்ட் விசா காலாவதியாகும் முன்பே, பிரிட்டனுக்குள் இருந்துகொண்டே விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் பாஸ் செய்ததைப் பல்கலைக்கழகம் உள்துறை அலுவலகத்துக்குத் தெரிவித்த பிறகுதான் போட முடியும். ரிசல்ட் வந்த சந்தோஷத்தில் ஊருக்கு டிக்கெட் போடுவதற்கு முன், அந்தத் தகவல் போய்விட்டதா என்று துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.